காளைக் கன்று போட்ட பசு

லட்சுமம்மா ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் முடிக்காமல் கீழே வைக்கிற ஆள் இல்லை. மருமகள் ஜெயலட்சுமி மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே முத்தியாலம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்தாள். வந்த கையோடு சந்தாபுரா பக்கத்து வைத்தியரைப் பற்றி விசாரித்தாள். விசாரித்து முடித்ததும் மகன் எத்திராஜைக் கூப்பிட்டு, காளைக் கன்று போட்ட பசு ஒன்றைத் தேடச் சொல்லிவிட்டாள்.

அந்த வைத்தியர் கொடுக்கிற மருந்துக்கு அந்தப் பால்தான் துணை. பையன் வேண்டுமென்றால் இரண்டாம் மாதம் முடிவதற்குள், தலைக்குக் குளித்த ஈரம் காய்வதற்கு முன்னால், காளைக் கன்றோடு நிற்கிற பசுவின் பச்சைப் பாலில் மருந்து உருண்டையைக் கரைத்துக் குடிக்க வேண்டும். கன்று உயிரோடு இருக்க வேண்டும். தாயும் கன்றும் ஒரே நிறமாக இருந்தால் இன்னும் விசேஷமாம்.

எத்திராஜ் ஆட்டோ ஓட்டுகிறவன். சிவாஜிநகரில் அவனுக்குத் தெரியாத சந்தும் இல்லை, பால்காரனும் இல்லை. சவாரியை விட்டுவிட்டு ஒரு வாரம் அல்சூர் வரைக்கும் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினான். பசு இருந்தது, கிடாரிக் கன்று இருந்தது. காளைக் கன்று வேண்டும் என்றதும் எல்லோரும் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் வைத்தியரே ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், பசு எங்கள் ஊரிலேயே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுங்கள் என்று.

ஜெயலட்சுமி ஒன்றும் தெரியாத பெண் இல்லை. போன வாரம் மெட்டர்னிட்டி ஹோமில் நர்ஸ் பாஞ்சாலியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டிருந்தாள். ஆணா பெண்ணா என்பது கரு உண்டான அன்றைக்கே முடிந்துபோன விஷயம், அதுவும் ஆண்பிள்ளையின் பக்கத்திலிருந்து வருவது, எந்த மருந்தும் அதை மாற்றாது என்று நர்ஸ் சொன்னாள். வீட்டுக்கு வந்து ஜெயலட்சுமி அதை அப்படியே ஒப்பித்தாள். எத்திராஜ் சிரித்தான். லட்சுமம்மா சிரிக்கவில்லை. "அப்போ குத்தம் என் பையன் மேலயா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு சில நாட்கள் அந்த வீட்டில் ஜெயலட்சுமியோடு பேசியது ஆறு வயது மகள் தர்ஷினி ஒருத்திதான்.

பின்னே ஏன் மருந்துக்குக் கிளம்பினாள் என்று கேட்பீர்கள். குடித்தால் என்ன, பால்தானே என்று நினைத்தாள். பையன் பிறந்தால் பேர் மருந்துக்குப் போகும், போகட்டும். பெண் பிறந்தால் பழியும் மருந்துக்குப் போகும், தன் தலை தப்பும். இப்படி ஒரு சமாதானம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு பையன் பிறந்துவிட்டால் தேவலை என்று அவளுக்கும்தான் இருந்தது. ஆசையினால் இல்லை, அலுப்பினால். ஒன்றைப் பெற்றுக் கையில் கொடுத்துவிட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் அல்லவா!

தர்ஷினியை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இருட்டு பிரிவதற்குள் ஆட்டோவில் ஏறினாள். துணைக்கு எத்திராஜின் அக்கா மமதா வந்தாள்.

அந்தக் குடும்பத்தில் மருந்துக்கு சாட்சியே மமதாதான். அதே வைத்தியர், அதே உருண்டை. பிறந்தவன் அருண்குமார், வீட்டுக்கு முதல் பேரன். "ஒரே மருந்து, ஒரே புள்ள, சிங்கக்குட்டி" என்று லட்சுமம்மா தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அந்த சாட்சியைப் பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு உற்சாகம் வராது. மமதாவுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை, முகம் மட்டும் ஐம்பதைத் தொட்டிருந்தது. அடிக்கடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கேட்டால் வாயு என்பாள்.

மடிவாளா தாண்டி, பொம்மசந்திரா பேக்டரிகளைத் தாண்டிப் போகும் வரைக்கும் மமதா இடுப்பைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். குளிர் காற்றில் ஜெயலட்சுமியின் தலை விறைத்துப் போனது. எத்திராஜ்தான் முன்னால் இருந்து, ஈரம் காஞ்சிடப் போவுது, துண்டை அவுக்காத என்று இரண்டு முறை சொன்னான். அவன் அக்கறையாகத்தான் சொன்னான்.

சந்தாபுராவில் மெயின் ரோட்டை விட்டு ஆனேக்கல் பக்கம் திரும்பி, ஒரு மண் ரோட்டில் போனால் வைத்தியர் வீடு. வாசலில் கார் நின்றது, ஸ்கூட்டர் நின்றது, பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தவர்களும் இருந்தார்கள். தலை சொட்டச் சொட்டப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெண் புருஷனிடம் இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். படிப்பு இந்த ஒரு விஷயத்தில் யாரையும் தடுத்து நிறுத்தியதாகத் தெரியவில்லை.

பசு வீட்டுக்குப் பின்புறம் இருந்தது. நல்ல சிவப்புப் பசு. அதை வைத்திருந்தவர் கிருஷ்ணப்பா என்கிற பெரியவர். கன்றும் சிவப்புதான், ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம். தாயிடம் வாய் வைக்காமல் இருக்க வாய்க்கூடை கட்டியிருந்தார்கள். ஜெயலட்சுமிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஏன் இப்படி இளைத்துக் கிடக்கிறது, பால் விடுவதில்லையா என்று கேட்டாள்.

கிருஷ்ணப்பா கன்னடமும் தமிழும் கலந்து ஒளிவு மறைவில்லாமல் பேசினார். "காளைக் கன்னு யாருக்கும்மா பேக்கு, யாருக்கு வேணும்? பால் குடுக்குமா? வண்டி இழுக்கறதுக்கு டிராக்டர் வந்துட்ச்சி. கிடாரி பொறந்தா லட்சுமி. இது பொறந்தா அந்த வாரமே கசாப்புக்காரங்கிட்ட ஓட்டிடறது. இத்த மட்டும் மருந்துக்காக வெச்சினு இருக்கேன்."

வளர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அதுக்குள்ளே இன்னொன்று பிறந்துவிடும் என்றார் அவர்.

ஒரு வாரம் ஊரெல்லாம் எத்திராஜ் தேடிக் கிடைக்காததன் காரணம் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மாட்டுக் கொட்டகையில் பெண்தான் வேண்டும். ஆண் பிறந்தால் கத்தி. மனுஷர் வீட்டில் பெண் பிறந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதோடு விட்டுவிடுகிறார்களே, அதுவரைக்கும் பரவாயில்லை என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு கொஞ்ச நேரம்தான் நிலைத்தது.

அவள் முறை வந்தது. கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னார்கள். வலது மூக்கில் ஏதோ சாறு இரண்டு சொட்டு விட்டார்கள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. கறுப்பு உருண்டையைப் பாலில் கரைத்து டம்ளரைக் கையில் கொடுத்தார்கள். மாட்டு வாசனையும் கசப்புமாக ஒரு மடக்கு உள்ளே போனதும் குமட்டிக்கொண்டு வந்தது. மமதா முதுகைத் தடவினாள். "முழுங்கிடு ஜெயா. கக்கிட்டா மறுபடியும் குடுப்பாங்க" என்றாள். ஜெயலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தாள். வைத்தியர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசுவதற்கென்று அவருடைய மச்சான் வெளியே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

உப்பைக் குறைக்க வேண்டும், பப்பாளி கூடாது என்று பத்தியமெல்லாம் சொன்ன பிறகு மச்சான் குரலைத் தாழ்த்தாமலே அடுத்த விஷயத்துக்கு வந்தான். மூன்று மாதம் தாண்டியதும் மருந்து பிடித்ததா என்று பார்த்துவிட வேண்டுமாம்.

எப்படிப் பார்ப்பது என்று ஜெயலட்சுமி கேட்டாள்.

"ஸ்கேன்தான். ஓசூர் ரோட்டுல நம்ம டாக்டர் ஒருத்தர் இருக்கார். ஆணா பொண்ணான்னு சொல்லமாட்டோம்னு வாசல்ல போர்டு இருக்கும், பார்த்துட்டு திரும்பிடாதீங்க. அது கவர்ன்மென்டுக்கு. டாக்டர் வாயைத் திறந்து ஆண், பொண்ணுன்னு சொல்லவும் மாட்டார். 'சந்தோஷமா போய்ட்டு வாங்க'ன்னா மருந்து புடிச்சிட்ச்சி. 'நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க'ன்னா புடிக்கல."

"புடிக்கலன்னா?"

"சுத்தம் பண்ணிட்டு மறுபடியும் மருந்துக்கு வாங்க. எங்க மருந்து குடிச்சி பொண்ணு பெத்தவங்க இதுவரைக்கும் ஒருத்தர் இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் ஜெயலட்சுமிக்கு மெதுவாக உறைத்தது. அந்த மருந்து தப்பிப் போனதைச் சொல்ல ஒரு பெண் குழந்தையும் உயிரோடு இருக்க வழியில்லை. அவள் பாலைத்தான் குடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அதோடு சேர்த்து இன்னொன்றுக்கும் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

வாய் கொப்பளிக்கப் பக்கத்தில் இருந்த போர் பம்புக்குப் போனாள். மமதா பம்பு அடித்தாள். எவ்வளவு கொப்பளித்தும் கசப்பு போகவில்லை. மமதாவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அண்ணி, இந்த மருந்த நீங்க எத்தினி வாட்டி குடிச்சீங்க?"

மமதா பம்பு அடிப்பதை நிறுத்தவில்லை.

"மூணு வாட்டி."

தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று முறை மருந்து, பிள்ளை ஒன்று. ஜெயலட்சுமி கையில் ஏந்திய தண்ணீரை வாய்க்குக் கொண்டு போகாமல் நின்றாள். ஒரே மருந்து என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னது ஞாபகம் வந்தது. பக்கத்தில் நிற்கிறவளின் இடுப்பு வலிக்கும், வெளுத்த முகத்துக்கும் வாயு காரணம் இல்லை என்று புரிந்தது.

"ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டினு போனாங்க?"

"நீ கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடி. அம்மா கூட வந்தாங்க." மமதா பம்பை விட்டுவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே எத்திராஜ் ஆட்டோவின் முன் கண்ணாடியை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஆட்டோ வேற யாருதா இருக்கும்?"

ஜெயலட்சுமிக்கு முதலில் வந்தது கோபம்தான். புருஷன் மேல் இல்லை, மாமியார் மேல்கூட இல்லை, எதிரில் நின்றவள் மேல். இத்தனை தூரம் கூடவே வந்து, முதுகைத் தடவிக் குடிக்க வைத்துவிட்டு இப்போது சொல்கிறாளே! ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேவிட்டாள்.

"இன்னான்னு சொல்றது? மருந்துல பொறந்த புள்ளைன்னு எல்லாரும் அருணைக் கொஞ்சறாங்க. நான் வாயைத் திறந்தா அவன் வேற எதுல பொறந்தவன்னு சொல்வாங்க?" மமதா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அவனைப் பார்க்கறப்பல்லாம் மூணு பேரா தெரியுது ஜெயா. யார்கிட்ட சொல்றது இத்த?"

அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. ஜெயலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படியே ஆட்டோவுக்கு நடந்தார்கள். எத்திராஜ் சிரித்த முகமாக, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா என்று விசாரித்தான்.

சந்தாபுரா சர்க்கிளில் டீ குடிக்க நிறுத்தினான். மமதா உள்ளேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஜெயலட்சுமி இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றாள். சுற்றி வளைத்துக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. அண்ணியை ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானா என்று கேட்டாள்.

எத்திராஜ் மமதா இருந்த பக்கம் பார்த்தான். பிறகு டீ கிளாஸைப் பார்த்தான். அவன் முரடன் இல்லை, குடிகாரன் இல்லை, பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தவன் இல்லை. தர்ஷினி பிறந்தபோது வார்டு முழுக்க மைசூர் பாகு கொடுத்தவன். அந்த நல்ல முகம் இப்போது சின்னதாகிப் போனது.

"அம்மா வண்டி எடுன்னாங்க, எடுத்தேன். நான் வெளியதான் ஜெயா நின்னுனு இருந்தேன். உள்ள இன்னா நடந்துச்சின்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

எத்திராஜ் கிளாஸைக் கை மாற்றிப் பிடித்தான். நமக்கும் அப்படித்தானா என்று அவள் கேட்டாள். அதெல்லாம் இப்போ ஏன் பேசறே, மருந்து கேட்டுடும் என்றான். கேட்காவிட்டால் என்று அவள் விடாமல் கேட்டபோது, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் காசு கொடுக்கப் போய்விட்டான்.

எதிர்ப் பக்கம் ஓசூர் பஸ் வந்து நின்றது. ஓசூரில் அவளுடைய அண்ணன் பெருமாள்சாமி இருக்கிறான். ஏறி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அண்ணன் வீட்டு வாசலில் இறங்கிவிடலாம். கண்டக்டர் அவளைப் பார்த்து, வரியா இல்லையா என்கிற மாதிரி தலையை ஆட்டினான். கால் துடித்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் தர்ஷினி சிவாஜிநகரில் மாமியாரிடம் இருந்தாள். பஸ் புறப்பட்டுப் போனது. அவள் மறுபடியும் ஆட்டோவில் ஏறினாள்.

லட்சுமம்மா வாசலிலேயே காத்திருந்தாள். மகளையும் மருமகளையும் நிற்க வைத்துத் திருஷ்டி கழித்தாள். உப்புக் கம்மியாகக் கஞ்சி வைத்திருந்தாள், ஆற்றிக் கையில் கொடுத்தாள், கால் நீட்டி உட்காரச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் ஜெயலட்சுமி இந்தக் கவனிப்பைப் பார்த்ததில்லை. கெட்டவளாக மட்டும் இருந்துவிட்டால் எவ்வளவோ சுலபம். மூன்று பெண்ணுக்குப் பிறகு எத்திராஜ் பிறக்கிற வரைக்கும் இந்த லட்சுமம்மாவை அவள் புருஷன் ஒரு கல்யாணத்துக்கும் கூடக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அந்த அவமானம் மருமகளுக்கு வரக்கூடாது என்று அவள் மனசார நம்பினாள். அப்படி நம்பித்தான் பெற்ற மகளையும் கையைப் பிடித்து அழைத்துப் போயிருந்தாள்.

ஸ்கேன் இடம் சொன்னாங்களா என்று கஞ்சி குடிக்கும்போதே கேட்டாள். மமதா சுவரைப் பார்த்துக்கொண்டு, சொன்னாங்க என்றாள். லட்சுமம்மா திருப்தியாகத் தலையசைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

ஜெயலட்சுமியால் அங்கே உட்கார முடியவில்லை. தெருவில் மண்ணளைந்துவிட்டு வந்த தர்ஷினியை இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். மகளின் காலைத் தேய்த்துக் கழுவினாள். அழக்கூடாது என்று இருந்தவளுக்கு அந்தச் சின்னப் பாதத்தைப் பிடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தம் வராமல் அழுதாள். இந்தக் காலும் ஒரு ஸ்கேனில் தப்பி வந்ததுதானா, அல்லது முதல் பிள்ளை என்று சும்மா விட்டார்களா என்று நினைத்துக்கொண்டே கழுவிய காலையே மறுபடியும் கழுவினாள்.

தர்ஷினி அம்மாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு காதில் வாயை வைத்துச் சொன்னாள். "அம்மா, உன் வயித்துல தம்பியா தங்கச்சியான்னு ஆயா காலையில கேட்டாங்க. உள்ள தம்பி பாப்பான்னு சொல்ட்டேன்."

ஜெயலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உனக்குத் தம்பிதான் வேணுமா என்று கேட்டாள்.

"தங்கச்சிதான் வேணும். ஆனா சொல்லக்கூடாது. தங்கச்சின்னு சொன்னா வீட்டுக்குக் கூட்டினு வரமாட்டாங்க."

"யாரு சொன்னா?"

"அருண்தான். அவனுக்கு ரெண்டு அக்கா இருந்தாங்களாம். ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டு வந்துட்டாங்களாம். அத்தை ராத்திரில அவங்ககிட்ட பேசறத அவன் கேட்டானாம்."

ஜெயலட்சுமி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது எத்திராஜ் துண்டோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியாது. முகத்தைப் பார்த்தால் முழுக்கக் கேட்டுவிட்டான் என்று தெரிந்தது.

அவள் எழுந்து மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆறு வயதுப் பிள்ளை கனத்தது. முன்னால் வந்து அவனுக்கு நேராக நின்றாள்.

"டீக்கடையில பதில் சொல்லல. இப்ப உம்பொண்ணு எதிர்ல சொல்லு. பொண்ணா இருந்தா?"

இத்தனை வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. எத்திராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் சமையற்கட்டிலிருந்து லட்சுமம்மாவின் குரல் வந்தது. எத்திராஜா, இங்கே வா, அந்த ஸ்கேன் டாக்டர் விஷயம் கொஞ்சம் பேசணும் என்றாள்.

அவன் மகளைப் பார்த்தான். தர்ஷினி பயந்துபோய், "தம்பிதான்ப்பா, தம்பிதான்" என்று அவசரமாகச் சொன்னாள்.

லட்சுமம்மா மறுபடியும் கூப்பிட்டாள்.